கெடிலக் கரையிலிருந்து தில்லை வரை

சிதம்பரம் போகிறவர்கள் நடராஜ தரிசனத்துக்குப் போவார்கள். அல்லது பிச்சாவரத்தில் படகேறப் போவார்கள். சென்ற கோடை விடுமுறையில் நாம் போனதோ வோட்டைப் பற்றி விசாரிக்க! பள்ளி ஆசிரியருக்கும் வாக்குச் சாவடிக்கும் உள்ள பந்தத்தை நேயர்கள் அறிவார்கள். தேர்தல்தோறும் ஏதேனும் ஒரு கிராமப் பள்ளியில் இரவைக் கழித்து, விடிந்ததும் வருவோரின் விரலுக்கு மை வைப்பது நம்மவர் கைங்கரியமாயிற்றே. அந்த விரல்களுக்குரியவர்களின் மனத்தில் என்ன இருக்கிறது என்றறியும் ஆவல் நெடுநாளாக நமக்கு உண்டு.

கெடில நதி பாயும் கடலூரிலிருந்து புறப்பட்டோம். இந்நகரில் எஸ். எஸ். ராமசாமிப் படையாட்சியாருக்கு மணிமண்டபம் இருக்கிறது. பழைய நாளில் சொத்தோ படிப்போ உள்ளவருக்குத்தான் வோட்டு. வயது வந்தோர் அனைவருக்கும் அது கிடைத்தபின் 1952-இல் சென்னைச் சட்டசபைக்கு முதல் தேர்தல் நடந்தது. 375 இடங்களில் காங்கிரஸ் 152 பெற்றது. தென்னாற்காட்டு வன்னியக் குடியானவர்களின் ஆதரவால் படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி 19 பெற்றது. 1954-இல் காமராஜர் மந்திரிசபை அமைத்தபோது அவரும் மந்திரியானார். ஏர் பிடித்தவன் வோட்டுக்கும் மதிப்புண்டு என்பதை நாடு கண்டுகொண்டது.

ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை என்று ரயில் போகிறது. வழியில் இறங்கி ஒரு கிராமத்துக்கு நடந்தோம். ஊர் முகப்பில் ஒரு வரிசைக் கொடிக் கம்பங்கள். வயலைத் தாண்டிக் காலனி முகப்பில் வேறொரு வரிசை. கொடியைப் பார்த்தே தெருவைச் சொல்லிவிடலாம். தெருவைப் பார்த்தே வோட்டையும் சொல்லிவிடலாம் என்றார் டீக்கடைக்காரர்.

இந்தக் கணக்கு எவ்வளவு கொடுமையில் முடியும் என்பதை 1999-ஆம் வருஷத்துத் தேர்தல் காட்டியது. சிதம்பரம் தொகுதியில் சில கிராமங்களில் ஆதிதிராவிட மக்கள் வோட்டுப் போட முடியாமல் தடுக்கப்பட்டார்கள், குடிசைகள் தீக்கிரையாயின. சட்டம் கொடுத்த உரிமையைத் தெரு பறித்துக்கொண்டது.

காலனியில் திண்ணையிலிருந்த ஒரு மூதாட்டியிடம் பேச்சுக் கொடுத்தோம். யாருக்கு வோட்டு என்று எல்லோரும் கேட்பார்களே, என்ன சொல்வீர்கள் என்றோம்.

"கேக்கிறவங்களுக்கெல்லாம் 'உங்களுக்குத்தான்'னு சொல்லிடுவேன் வாத்தியாரய்யா. உள்ளே போனா நானும் அந்தப் பொட்டியுந்தானே!" என்று சிரித்தார். பெற்ற மகனுக்கும் அதே பதில்தானாம்!

2024-ஆம் வருஷத்துப் பாராளுமன்றத் தேர்தலில் தென்சென்னையில் நூற்றுக்கு ஏறக்குறைய 54 பேர் வோட்டளித்தார்கள். சிதம்பரம் தொகுதியிலோ 75-க்கு மேல். படித்தவர் மலிந்த பட்டணம் ஏன் பின்தங்குகிறது? கிராமத்தில் யார் வரவில்லை என்பது ஊருக்கே தெரியும் என்பது ஒரு காரணம். மற்றொன்றை அம்மூதாட்டியிடம் உணர்ந்தோம். பல வாசல்களில் வெளியே நிறுத்தப்பட்டவருக்கு, அந்தச் சாவடி வாசல் ஒன்றிலாவது பேர் சொல்லி உள்ளே அழைக்கிறார்கள்.

மாலையில் சிதம்பரம் சேர்ந்து, சுவாமி சகஜானந்தர் 1916-இல் ஸ்தாபித்த நந்தனார் பள்ளியைப் பார்த்தோம். தீண்டப்படாதோர் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்கு எழுத்தறிவித்த அந்தத் துறவி, 1952-இலும் 1957-இலும் இவ்வூரிலிருந்தே சட்டசபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நந்தன் நின்ற ஊரில் இது சிறிய செய்தியல்ல.

தெருவைப் பார்த்து வோட்டைச் சொல்லலாம் என்றாரே டீக்கடைக்காரர்? 2016-இல் பக்கத்துக் காட்டுமன்னார்கோயிலில் தொல். திருமாவளவன் தோற்றது 87 வோட்டில். 2019-இல் அவரே சிதம்பரம் பாராளுமன்றத் தொகுதியில் வென்றது 3,219 வோட்டில். பத்து லட்சம் பேருக்கு மேல் வோட்டளித்த தொகுதியில் இது இரண்டு மூன்று சாவடிகளின் ஜனத்தொகை! திண்ணையில் சிரிக்கும் நாலு பாட்டிமார்கள் மனம் மாறினால் எந்தத் தெருக் கணக்கும் தவறிப்போகும்.

ஆகவே, வீட்டில் மூத்தவர்களாயிருக்கும் நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம். அடுத்த தேர்தலில் வீட்டுப் பெண்களையும் வேலைக்காரரையும் சாவடிக்கு அனுப்புங்கள்; திரும்பி வந்தபின் யாருக்கென்று மட்டும் கேளாதீர்கள். கேட்டாலும், "உங்களுக்குத்தான்" என்றே பதில் வரும்!