தல்லாகுளத்திலிருந்து அரிட்டாபட்டிக்கு

2025 ஜனவரி 7 அன்று, டங்ஸ்டன் சுரங்கத் திட்டத்தை எதிர்த்து மேலூர் வட்டாரத்து மக்கள் மதுரை தல்லாகுளம் வரை பேரணியாக வந்தார்கள். நாம் சாலையோரத்தில் ஸ்கூட்டரை அணைத்துவிட்டு நின்றோம். அலுவலகத்துக்கு நேரமாகிறதே என்ற எரிச்சல். பக்கத்தில் நின்றவரிடம், "அங்கே வெறும் பாறைதானே இருக்கிறது" என்றும் சொல்லிவைத்தோம். அந்தப் பாறையை நாம் பார்த்ததே இல்லை. மதுரையில் பிறந்து வளர்ந்து ஐம்பத்தாறு வயதாகிறது.

ஜனவரி 23 அன்று மத்திய அரசு ஏலத்தை ரத்து செய்தது. செய்தியைப் படித்தபோது மகிழ்ச்சியோடு வெட்கமும் வந்தது. பிப்ரவரியில் ஒரு ஞாயிறு, மகன் ஓட்டாமல் விட்டுப்போன சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு விடியுமுன் தனியாகவே புறப்பட்டோம். துணைக்கு ஆள் சேர்த்தால் உல்லாசப் பயணமாகிவிடும் என்ற அச்சம்தான்.

தல்லாகுளத்தில் தள்ளுவண்டிக்காரர் பருத்திப்பால் ஊற்றிக் கொடுத்தார். சுக்கும் வெல்லமும் கலந்த சூடு தொண்டையில் இறங்கியது. மாட்டுத்தாவணி தாண்டியதும் ஆனைமலை எழுந்தது. பேருந்தில் போகும்போது ஜன்னலில் நகர்ந்து மறையும் அந்த மலை, சைக்கிளில் போனால் விடுவதாயில்லை. நெடுநேரம் கூடவே வந்தது. ஒத்தக்கடையில் திரும்பி நரசிங்கப் பெருமாள் குடைவரைக்குப் போனோம். பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சன் மாறன்காரி தொடங்கிய வேலை அது. முடியுமுன் அவன் இறந்துவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் எடுத்து நிறைவு செய்தான். கல்வெட்டின் காலம் கி.பி. 770.

மீண்டும் நெடுஞ்சாலைக்கு வந்து, பிறகு இடப்புறம் பிரிந்து அரிட்டாபட்டியை அடைந்தபோது வெயில் ஏறிவிட்டது. சுமார் 25 கி.மீ. மிதித்ததில் முழங்கால் இரண்டும் முனகின. ஒரு வீட்டுத் திண்ணையில் மூதாட்டி ஒருவர் குழிப்பணியாரம் சுட்டுக்கொண்டிருந்தார். நான்கு வாங்கி, காரச் சட்னியில் தொட்டுத் தின்றோம்.

"எந்த ஊருய்யா?"

"மதுரைதான் ஆத்தா."

"நாங்க நடந்து வந்தோமே, பாத்தீகளா? வழியெல்லாம் சனங்க தண்ணி குடுத்தாக. நீங்களும் குடுத்தீகளா?"

ஆமாம் என்று சொல்லியிருந்தால் அதோடு முடிந்திருக்கும். "இல்லை ஆத்தா. வழியை மறிக்கிறார்களே என்று வைதுகொண்டு நின்றேன்" என்றோம்.

அவர் சிரித்தார். "அதுக்கென்ன, இப்ப வந்துட்டீகள்ல" என்று இலையில் இன்னும் இரண்டு வைத்தார். நான்குக்கு மட்டும் காசு வாங்கிக்கொண்டார்.

மலையில் வெகுநேரம் அலைந்தோம். குடைவரைச் சிவன் கோயிலில் இலகுலீசர் சிற்பத்தைப் பார்த்தோம். தமிழகத்தில் அரிதாகக் காணப்படும் உருவம் அது. கழிஞ்சமலையில் சமணர் குகைத்தளம் இருக்கிறது. நெல்வேலியைச் சேர்ந்த வெளியன் ஒருவன் அதைச் செய்வித்ததாகத் தமிழி எழுத்துகள் சொல்கின்றன. இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முந்தைய கொடை. உயரத்தில் வல்லூறு ஒன்று வட்டமிட்டது. 2022 நவம்பரில் தமிழகத்தின் முதல் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம் இது. ஏழு குன்றுகள், 72 ஏரிகள், 200 சுனைகள் என்று அரசின் கணக்கு கூறுகிறது. சுனை ஒன்றின் ஓரத்தில் கால் நனைத்தோம். பாறைதான் மழையைப் பிடித்து வைத்து, கீழே இருக்கும் வயலுக்கு அனுப்புகிறது. வெறும் பாறை என்று நாம் சொன்னதை அந்தக் குளிர்ந்த நீரில் நின்றுகொண்டு நினைத்துப் பார்த்தோம். வெட்டியெடுக்க வருகிறவர்களும் அதே சொல்லைத்தானே சொல்லியிருப்பார்கள்!

திரும்பும் வழியில் எதிர்க்காற்று. மிதிப்பதும் இறங்கித் தள்ளுவதுமாக நகருக்குள் வந்து சேர இருட்டிவிட்டது. விளக்குத்தூண் அருகே நின்று ஒரு ஜிகர்தண்டா குடித்தோம். பாலும் கடற்பாசியும் நன்னாரியும் நாள் முழுவதன் வெக்கையைத் தணித்தன. முழங்கால் வலியை அவை ஒன்றும் செய்யவில்லை. அந்த மூதாட்டிக்கு எழுபது வயதுக்குக் குறையாது. இதே சாலையில் அவர் நடந்தே வந்திருக்கிறார்.