பழைய வண்டியின் குழாய்கள்

பழைய மோட்டார் வண்டி வைத்திருப்போர் இயந்திரத்தின் இரும்பைப் பற்றியே பெரிதும் கவலையுறுவர். இரும்பு அத்துணை விரைவில் எம்மைக் கைவிடுவதில்லை. கைவிடுவன அதனை இணைத்து நிற்கும் சிறு குழாய்களே. எமது குடும்பத்து மொறிஸ் மைனர் வண்டியிலே யான் கண்டது இது.

1990ஆம் ஆண்டு தொடக்கம் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டமையை மூத்த அன்பர்கள் மறந்திரார். சில துளி பெற்றோலிட்டு இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டிய காலம் அது. எரிபொருளுக்குரிய றப்பர்க் குழாய் கிடைத்தற்கரிதாகவே, ஊர் மெக்கானிக் ஒருவர் பம்பிக்கும் காபரேற்றருக்கும் இடையே பளிங்கு போன்ற பிளாஸ்ரிக் குழாயொன்றைப் பொருத்தித் தந்தார். அதனால் வண்டி ஓடிற்று. நோயாளரும் கர்ப்பிணிகளும் ஆசுபத்திரி சேர்ந்தனர். அவரைக் குறைகூற எனக்கு நாவெழாது.

பின்னர் வண்டி பல ஆண்டு கொட்டிலிற் கிடந்தது. போர் ஓய்ந்து, கொழும்பு வீதியும் திறந்தபின், 2010இல் அதனை மீண்டும் ஓட்ட முனைந்தோம். பிளாஸ்ரிக் குழாய் மஞ்சள் பூத்திருந்தது. “ஒழுக்கு இல்லைத்தானே தம்பி. ஐயா காலத்துக் குழாய், எங்களைக் காப்பாற்றினது. கிடக்கட்டும்” என்றார் அண்ணர். அவர் சொல்லை யான் தட்டுவது அரிது. அன்று தட்டினேன்.

அதற்குக் காரணம் எமது கல்லூரி ஆய்வுகூடம். இரசாயன ஆசிரியர் பன்சன் சுடரடுப்பின் குழாயை முனையருகே வளைத்து, வெடிப்பில்லை என்று கண்ட பின்னரே வாயுவைத் திறக்க விடுவார். நேராகக் கிடக்கும் குழாய் தன் முதுமையைக் காட்டாது. யானும் அவ்வாறே வளைத்தேன். குழாய் கண்ணாடிபோல் இரண்டாக முறிந்தது. அண்ணர் ஒன்றும் பேசவில்லை.

பிளாஸ்ரிக் குழாயை வளையச் செய்வது அதனுட் கலந்துள்ள ஒருவகை எண்ணெய்ப் பொருள். பெற்றோலும் மண்ணெண்ணெயும் அதனைச் சிறிது சிறிதாகக் கரைத்தெடுத்துவிடுகின்றன. எஞ்சியதை இயந்திர வெப்பம் போக்குகிறது. மைனர் வண்டியிலோ காபரேற்றருக்கு நேர் கீழே புகைக்குழாய் கொதித்துக்கொண்டிருக்கும். ஓடும்போது அக்குழாய் முறிந்திருப்பின், பின்னாசனத்திற் பிள்ளைகளோடு நாம் என்னாவோம்?

சாதாரண றப்பர் பெற்றோலில் ஊறிப் பருத்துவிடும். ஆதலால் நைத்திரைல் றப்பர்க் குழாயைக் கொழும்பிலிருந்து வருவித்தோம். அதனை மாட்டக் கால்மணி நேரமும் வேண்டவில்லை. தண்ணீர்க் குழாய்களையும் அன்றே மாற்றினோம். றேடியேற்றரின் மேற்குழாயும் கீழ்க்குழாயும் எளிதில் வந்தன. ஆனால் தண்ணீர்ப் பம்பிக்கும் இயந்திரத் தலைக்கும் நடுவே பெருவிரலளவான குழாயொன்றுண்டு. அதனை மாட்ட அரைநாள் சென்றது; என் விரல்களில் தோலும் சென்றது. மைனர் வைத்திருக்கும் அன்பர்கள் இவ்விடத்திற் சிரிப்பார்கள்.

முறிந்த துண்டுகளை யான் எறியப் போனேன். அண்ணர் வாங்கி, அக்காலத்து ஜாம்போத்தல் விளக்கின் அருகே அலுமாரியில் வைத்துவிட்டார். அதில் எனக்கு வழக்கொன்றுமில்லை.