வறண்ட குளமும் வாய்க்காலும்

ஹம்பிக்குச் செல்வோர் தவறாமல் படமெடுத்துவரும் கட்டடங்களுள் ஒன்று ‘அரசியின் நீராடுமிடம்’. அப்பெயர் பிற்காலத்தார் இட்டது. அரசி ஒருத்திக்கென்றே கட்டப்பட்டது என்பதற்குச் சான்றில்லை. அரண்மனையைச் சார்ந்த பலரும் கூடி நீராடி மகிழ்ந்த இடமாக இருக்கலாம்.

வெளிச்சுவர் அணியேதுமின்றி நிற்கிறது. உள்ளே ஏறத்தாழ 15 மீட்டர் சதுரமும் ஆறடி ஆழமும் கொண்ட குளம். நாற்புறமும் வளைந்த விதானமுடைய நடைகூடம். அதிலிருந்து குளத்தின்மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சாளர மாடங்கள். மேலே திறந்த வானம். நீர் மட்டும் இல்லை. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் நகரம் பாழாயிற்று. அரசர்கள் பெனுகொண்டாவுக்கும், பின்னர் எங்கள் ஊருக்கு அணித்தான சந்திரகிரிக்கும் பெயர்ந்தனர். குடிபெயர்ந்தவர் நாம் மட்டுமல்லர்!

வறண்ட குளத்தைப் படமெடுப்பது எளிதன்று. நீர் நிறைந்திருந்தால் மாடங்களின் நிழல் அதில் விழும். காற்றுக்கு அலை எழும். நீரற்றபோது கருவிக்குள் அகப்படுவது ஒரு பள்ளமே. காலைச் சாய்வெயிலில் சுதை வேலைப்பாடுகள் எடுப்பாகத் தெரியும். உச்சிப் பொழுதில் அவையும் மங்கிவிடும். 1856இலேயே சென்னைப் படையின் அதிகாரி அலெக்சாந்தர் கிரீன்லா, மெழுகிட்ட தாள்களில் இந்நகரைப் படம்பிடித்தார். 1983இல் ஜான் காலிங்ஸ் என்னும் ஆஸ்திரேலியர், அவர் நின்ற இடங்களைத் தேடி நின்று மீண்டும் எடுத்தார். அத்தகைய பொறுமை எனக்கு வாய்க்கவில்லை. நான் மாடங்களையே சுற்றிச் சுற்றி எடுத்துக்கொண்டிருந்தேன்.

உடன் வந்திருந்த அத்தை, காணிப்பாக்கத்தில் பயிர்த்தொழில் செய்து வாழ்ந்தவர். மாடங்களை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. “இவ்வளவு தண்ணி எங்கேயிருந்துடா வந்துச்சு?” என்றார்.

எங்கள் ஊராருக்கு அக்கேள்வி இயல்பானது. எங்கள் விநாயகரே கிணற்றில் தோன்றியவர். பார்வையற்றவர், செவி கேளாதவர், வாய் பேசாதவர் என உடன்பிறந்தார் மூவர் ஏற்றமிறைத்துப் பயிர் செய்தனராம். கிணறு வறண்டுபோக, இறங்கித் தோண்டியபோது கருவி கல்லில் பட்டது. குருதி பெருகிக் கிணற்றுநீர் சிவந்தது. மூவர் குறையும் நீங்கின. ஊரார் உடைத்த தேங்காய்களின் நீர் ஒரு காணி நிலத்தில் பரவியதால் ஊர்ப்பெயர் வந்தது என்பது தலவரலாறு. இன்றும் கருவறையில் நீர் ஊறிக்கொண்டிருக்கிறது.

அத்தையின் கேள்விக்கு விடை வெளியில் கிடந்தது. கட்டடத்தைச் சுற்றி அகழிபோல் ஒரு கால்வாய். அருகே சிதைந்த நீர்ப்பாதை. அங்கிருந்து அரச வளாகத்துக்கு நடந்தோம். கல்தூண்கள் தாங்கிய கல்வாய்க்கால் ஒன்று நெடுந்தொலைவு ஓடி, 1980களில் தொல்லியல் துறையினர் அகழ்ந்தெடுத்த படிக்குளத்தை நோக்கிச் செல்கிறது. அக்குளத்துக் கற்களில், எந்தத் திசை, எந்தப் படி என்று கொத்தர் இட்ட குறிகள் இன்னும் அழியவில்லை. வேறிடத்தில் செதுக்கி, இங்கே கொணர்ந்து அடுக்கியிருக்கிறார்கள். அரசியின் பெயர் சூட்டிய கட்டடத்தைவிட இக்குறிகளே என்னை நெடுநேரம் நிறுத்தின. மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்தேன்.

1520ஆம் ஆண்டளவில் இந்நகரைக் கண்ட போர்ச்சுகீசியர் தொமிங்கோ பயஸ், பெரும் ஏரி ஒன்று வெட்டப்பட்டதை எழுதிவைத்திருக்கிறார். பதினைந்தாயிரம் இருபதாயிரம் பேர் எறும்புகள்போல் உழைத்தனராம். கரை இரண்டு மூன்று முறை உடைந்தது. உயிர்ப்பலி வேண்டுமென்று சொல்லப்பட, அறுபதுபேரின் தலையைக் கொய்யுமாறு அரசர் ஆணையிட்டாராம். குதிரைகளும் எருமைகளும் உடன் பலியாயின. இதை அத்தையிடம் சொன்னேன். அவர் சற்றுநேரம் பேசவில்லை. பிறகு, “நம்ம சாமி தன்னோட ரத்தத்தைத்தானே குடுத்தாரு” என்றார்.

மாலையில் கமலாபுரத்துப் பக்கம் போனோம். நீராடு குளங்கள் வறண்டுவிட்டன. ஆனால் அவ்வேந்தர் காலத்தில் துங்கபத்திரையிலிருந்து வெட்டிய வாய்க்கால்களுள் பல இன்றும் ஓடி, வாழைக்கும் நெல்லுக்கும் பாய்கின்றன. உழவனுக்கு அவை தேவைப்பட்டன. ஆண்டுதோறும் தூர்வாரிக் காத்துவந்தான். அவற்றைப் படமெடுக்க எந்தப் பயணியும் அங்கே நிற்கவில்லை. அத்தை வரப்பில் இறங்கி, மடையருகே சேறு எவ்வளவு படிந்திருக்கிறதென்று காலால் தடவிப் பார்த்தார். வெளிச்சம் குறைந்துகொண்டிருந்தது. சுருளில் எஞ்சியிருந்த நான்கு படங்களையும் அங்கேயே எடுத்து முடித்தேன்.