மறவாத உடல்

எங்கள் தோட்டத்து லயங்களில் அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை தொங்கும்; வருவோர் போவோர் விலகி நடப்பர். ஆயினும் கஞ்சி கொடுக்கவும் பாய் மாற்றவும் ஒருவர் துணிந்து உள்ளே செல்வார். அவர் முன்பே அம்மை கண்டு எழுந்தவர். “எனக்கு வந்து போய்விட்டது” என்னும் சொல்லே அவருக்குப் போதிய காப்பு. எழுத்தறியாத அம்மக்கள், மருத்துவ நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் ஓர் உண்மையைப் பழக்கத்தால் அறிந்திருந்தனர்.

வட அட்லாண்டிக் கடலிலுள்ள பேரோ தீவுகளில் 1846ஆம் ஆண்டு தட்டம்மை பரவிற்று. அதற்கு முன் அந்நோய் அங்குத் தோன்றியது 1781இல். ஏறத்தாழ 7,800 மக்களுள் 6,000 பேர் அளவில் நோயுற்றனர். ஆய்வுக்குச் சென்ற டென்மார்க்கு மருத்துவர் பீட்டர் பானும், முன்பு நோய் கண்டிருந்த முதியவர்களுள் ஒருவரையும் அது மீண்டும் தீண்டவில்லை எனக் கண்டார். 65 ஆண்டுகள்! நாம் பள்ளியில் மனனம் செய்த செய்யுள்களுள் எத்தனை அவ்வளவு காலம் நிற்கின்றன?

கிருமியை ஒருமுறை எதிர்த்த வெள்ளையணுக்களுள் சில, நினைவணுக்களாய் நிலைத்துவிடுகின்றன. வேறு சில எலும்பு மச்சையில் தங்கி, எதிர்ப்பொருளை ஓயாது சுரக்கின்றன. முதன்முறை படை திரள ஒன்றிரண்டு வாரம் ஆகும். மறுமுறை சில நாள்களே போதும். பேருந்தில் நெருக்குண்டு, இருமும் பிள்ளைகளிடையே நின்று, மாலையில் வீடு திரும்புகின்றோம். அதற்குள் நம்முள் எத்தனை போர் நடந்து முடிந்தன என்பதை அறியோம். தடுப்பூசியும், நோயின் துன்பமின்றி இந்நினைவையே ஊட்டுகின்றது.

ஆனால் இந்நினைவு எப்போதும் துணை நிற்பதில்லை. சில ஆண்டுகளுக்கு முன், டிங்கிக் காய்ச்சலினின்று மீண்ட மாணவன் ஒருவனைக் காணச் சென்றேன். வீட்டின் பின்புறம் பழைய டயர் ஒன்றில் மழைநீர் தேங்கியிருந்தது. அதைச் சுட்டிக்காட்டினேன்.

“அவனுக்குத்தான் வந்து போய்விட்டதே, ஐயா. இனி வராது,” என்றார் தந்தை.

லயத்தில் கேட்ட அதே சொல்! அம்மைக்குப் பொருந்தும் அது டிங்கிக்குப் பொருந்துவதில்லை. டிங்கி நச்சுயிரி நான்கு வகைப்படும். ஒன்றை வென்ற உடல் அவ்வொன்றையே நெடுங்காலம் நினைவில் கொள்ளும். வேறு வகை புகும்போது, பழைய எதிர்ப்பொருள் அதனை அரைகுறையாகப் பற்றி, அழிக்கவியலாது, உயிரணுக்குள் நுழைய அதற்கே வழிவிடுவதும் உண்டு. ஆதலின் இரண்டாம் முறை காண்பவர்க்கே ஆபத்து மிகுதி.

இதைக் கேட்டதும் அவர் மறுமொழி கூறவில்லை. எழுந்து சென்று டயரைப் புரட்டினார். கொட்டிய நீரில் கொசுப் புழுக்கள் நெளிந்தன.