சுரண்டுவதற்குக் கூலி இல்லை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கின்றன. இடிபட்ட செட்டிநாட்டு வீடுகளின் நிலை, கதவு, ஜன்னல், தூண் எல்லாம் அங்கேதான் வந்து சேரும். சென்ற முறை போனபோது ஒரு ஜன்னல் கதவைத் தொட்டுப் பார்த்தேன். மேல்பாதி கல்லாக இருந்தது. அடிச்சட்டம் மட்டும் விரல் பட்டால் உதிர்ந்தது. பர்மாவிலிருந்து கப்பலேறி வந்த தேக்கு இப்படி ஆகுமா என்று கட்டடக் கலைஞரான நண்பரிடம் கேட்டேன். கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டில் பெயிண்ட் வேலை நடக்கிறது, அங்கே ஒரு பெரியவர் இருக்கிறார், அவரிடமே கேளுங்கள் என்று கூட்டிப்போனார்.

கல்யாணத்துக்காக முகப்பைப் புதுப்பித்துக்கொண்டிருந்தார்கள். தெருப்பக்க ஜன்னல் கதவுகளைக் கழற்றித் திண்ணையில் படுக்கப்போட்டிருந்தார் பெரியவர். பச்சைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் ஏதோ மங்கலான சாம்பல். எத்தனை கல்யாணம், எத்தனை பொங்கல் கண்ட கதவோ, ஒவ்வொன்றுக்கும் ஒரு பூச்சு.

நான் கேட்டதற்கு அவர் வாயால் பதில் சொல்லவில்லை. ஒரு கதவைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினார். அங்கே பெயிண்டே இல்லை.

"கதவு மாட்டியிருக்கும்போதே அடிச்சுட்டுப் போயிடுறாங்க தம்பி. அடிப்பக்கம் யாரு கண்ணுக்குத் தெரியுது? மழைத்தண்ணி முதல்ல அங்கதான் ஏறும்."

மரம் தன் நீளவாக்கில்தான் தண்ணீரை வேகமாக இழுக்கும். உயிரோடு இருந்தபோது வேரிலிருந்து இலைக்கு நீர் ஏற்றிய குழல்கள் அறுத்த முனையில் வாய் திறந்து நிற்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் அந்த முனை குடித்த ஈரம், பெயிண்ட் மூடிய மற்ற பக்கங்கள் வழியாக வெளியேற முடியாமல் உள்ளேயே தங்குகிறது. அப்புறம் கொப்புளம், உரிவு, பூஞ்சை. பெரியவர் அறுத்த முனைகளுக்கு மட்டும் பிரைமரை இரண்டு முறை ஊட்டுகிறார். பூசுகிறார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அந்த முனை முதல் தடவை குடித்துத் தீரும்வரை காத்திருந்து, மறுபடி கொடுக்கிறார்.

அவரிடம் ஒரு கருவி இருந்தது. அரை நாள் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் சக்கரக் கம்பி. நுனியைச் சுத்தியலால் தட்டிச் சப்பையாக்கி, அரத்தால் ராவி, மறுமுனையில் கைப்பிடிக்குத் துணி சுற்றியிருந்தார். சட்டமும் பலகையும் சேரும் மூலை, செதுக்கிய கொடியின் இடுக்கு, கீலுக்குப் பின்னால் உள்ள பள்ளம் என்று பட்டித்தகடு நுழையாத இடமெல்லாம் இந்தக் கம்பி நுழைகிறது. பதினான்கு வயதில் மதுரையில் ஒரு மேஸ்திரியிடம் எடுபிடியாகச் சேர்ந்தபோது முதலில் செய்யச் சொன்ன வேலை, தனக்கென்று இப்படி ஒரு கம்பி செய்துகொள்வதுதானாம். தூரிகையைத் தொட விட்டது இரண்டு தீபாவளி கழித்து.

பெயிண்ட் நீங்கிய மரத்தில் உப்புத்தாள் தேய்க்கும்போது தூளைக் கவனிக்கச் சொன்னார். காய்ந்த மரத்தில் பொடியாகக் கொட்டும். ஈரம் இருந்தால் தாளில் அப்பிக்கொள்ளும். அப்பினால் வேலை அன்றைக்கு நிற்கும். வெயிலில் கிடந்து சாம்பல் பூத்த மேல்தோலையும் விடுவதில்லை. வெயில் மரநார்களைப் பிணைத்திருக்கும் பசையைச் சிதைத்துவிடுகிறது. அந்தத் தளர்ந்த நாரின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த பெயிண்டை அடித்தாலும் அது நாரோடு சேர்ந்து உரிந்து வரும். ஆகவே சுரண்டிய மரத்தை வெறுமனே போட்டுவைப்பதும் கூடாது. ஓரிரு வாரம் வெயில் பட்டாலே பிடிமானம் குறையும். மரம் காய்ந்திருந்தால், அன்றைக்குச் சுரண்டியதற்கு அன்றைக்கே பிரைமர் என்பது அவர் சட்டம். தேக்கில் எண்ணெய்ப் பசை உண்டு என்பதால் அதற்குமுன் தின்னரில் நனைத்த துணியால் ஒரு துடைப்பு. பிறகு பட்டி பார்த்ததும் மேல்பூச்சு அடித்ததும் எல்லா ஊரிலும் நடப்பதுதான்.

என்னை உலுக்கியது அந்தத் தூள். பழைய பெயிண்டில் பெரும்பாலும் காரீயம் உண்டு. மரத்துக்கு அந்தக் காலத்தில் அடித்த இளஞ்சிவப்பு பிரைமரே ஈய வெள்ளையும் ஈயச் செந்தூரமும் ஆளிவிதை எண்ணெயில் குழைத்ததுதான். வீட்டுப் பெயிண்டில் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் காரீயம் கூடாது என்ற இந்திய அரசின் விதி 2016இல் வந்து 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தைய பூச்சுகளை உலர்ந்தபடியே தேய்த்தால் தூள் மூச்சில் போகும், சோற்றுக் கையில் ஒட்டும், சட்டையோடு வீட்டுக்குப் போய்க் குழந்தையைச் சேரும். காரீயத்தில் பாதுகாப்பான அளவென்று ஒன்று இல்லை என்கிறது உலக சுகாதார நிறுவனம். பழைய பெயிண்டைப் பெரியவர் தண்ணீர் தெளித்து, தண்ணீர்த்தாள் போட்டுத்தான் தேய்க்கிறார். மூக்கில் கட்டியிருந்தது துவைத்த துண்டு. நுண்ணிய தூளைத் துண்டு தடுக்காது.

இவ்வளவுக்கும் கூலி என்ன? கான்ட்ராக்டர் வீட்டுக்காரரிடம் பேசுவது சதுர அடிக் கணக்கு. அதில் பிரைமர் ஒரு கோட்டு, பெயிண்ட் இரண்டு கோட்டு. சுரண்டுவது, கழற்றுவது, காயவிடுவது எதற்கும் அந்தக் கணக்கில் இடம் கிடையாது. பெரியவர் மெதுவாக வேலை செய்தால் கான்ட்ராக்டருக்கு நஷ்டம். அதனால் இளைஞர்களை வைத்து, பழைய பெயிண்டின் மேலேயே அடித்து முடிக்கிறார்கள். மூன்றாம் மழையில் உரிகிறது, மறுபடி அதே கான்ட்ராக்டரைக் கூப்பிடுகிறோம். கெட்ட வேலை அவருக்கு இரண்டு முறை பணம் தருகிறது. நல்ல வேலை செய்தவருக்கு அடுத்த வேலை இல்லை. இது திருட்டு என்றுதான் நான் சொல்வேன்.

தமிழ்நாடு கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் 1994இல் அமைந்தது. பெயிண்டர்களும் அதில் பதிவு செய்யலாம், 60 வயதில் ஓய்வூதியம் உண்டு. பெரியவரிடம் அட்டை இல்லை. பதிவுக்கான வேலைச் சான்றில் கையெழுத்துப் போடக் கான்ட்ராக்டரைக் கேட்டபோதெல்லாம் "அப்புறம் பார்க்கலாம்ணே" என்றுதான் பதில் வந்திருக்கிறது. 60 தாண்டிவிட்டது, இனி சேர முடியாது.

உங்கள் வீட்டு வாசற்கதவுக்கு ஆள் கூப்பிடும்போது, சுரண்டும் நாட்களுக்குத் தனியாகக் கூலி பேசுங்கள், அதை வேலை செய்பவர் கையிலேயே கொடுங்கள். கதவைக் கழற்றி அடிப்பக்கத்துக்கும் பிரைமர் அடிக்கச் சொல்லுங்கள். பழைய பெயிண்டை நனைக்காமல் தேய்க்க விடாதீர்கள், பிள்ளைகளை அந்தப் பக்கம் அனுப்பாதீர்கள். தூள் தடுக்கும் நல்ல முகக்கவசத்தை நீங்களே வாங்கிக் கொடுங்கள். வந்தவர் 60 வயதுக்கு உட்பட்டவரானால், வாரியத்தில் பதிந்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.