ஓய்வுக்குப் பின் வந்த வேலை



"டீச்சர், வீட்டுல சும்மா இருக்க போரடிக்கலையா?" என்று உங்களில் பலர் போனில் கேட்கிறீர்கள். நான் ஓய்வு பெற்று 13 வருடம் ஆகிறது, வயது 71. ஆனால் சும்மா இல்லை, எனக்கு ஒரு வேலை இருக்கிறது. அது என்ன வேலை என்று இன்று கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள். கடைசியில் கேள்வி கேட்க மாட்டேன்.

ஓய்வு பெற்ற எல்லாருக்கும் ஒரு கேள்வி வரும். பிள்ளைகள் வேலை, குடும்பம் என்று வெளியூரில் இருப்பார்கள். பேரப்பிள்ளைகள் வீடியோ காலில் இரண்டு நிமிடம் முகம் காட்டிவிட்டு ஓடிவிடுவார்கள். நேற்று வரை நம்மிடம் கேட்டுத்தான் நடந்த காரியங்கள், இன்று நம்மைக் கேட்காமலே நன்றாக நடக்கும். அப்போது, "இனி நான் எதற்கு?" என்று மனது கேட்கும். எங்கள் சபையில் முதியவர்களோடு பேசும்போதெல்லாம் இந்தக் கேள்வியைத்தான் வேறு வேறு வார்த்தைகளில் கேட்கிறேன். சிலர் அதைச் சொல்லவும் வெட்கப்பட்டு, "கர்த்தர் இன்னும் ஏன் என்னை வச்சிருக்காரோ தெரியல" என்பார்கள்.

இதற்கு வேதத்தில் எனக்குக் கிடைத்த பதில் சாமுவேல் தீர்க்கதரிசியிடமிருந்து. சாமுவேல் என்றால் சிறுவயதில் ஆலயத்தில் படுத்திருந்து கர்த்தருடைய குரலைக் கேட்ட பையன்தான் நமக்கு ஞாபகம் வரும். ஓய்வுநாள் பாடசாலைப் படத்திலும் அவர் சிறுவன்தான். ஆனால் முதிர்வயது சாமுவேலைப் பாருங்கள். ஜனங்கள் அவரிடம் வந்து, நீர் முதிர்வயதானீர், எங்களுக்கு ஒரு ராஜா வேண்டும் என்கிறார்கள். நேருக்கு நேராகச் சொல்லி அனுப்பிவைக்கிறார்கள். அவருடைய பிள்ளைகளும் அவர் வழியில் நடக்கவில்லை. பதவி போயிற்று, பிள்ளைகளாலும் பெருமையில்லை. அவர் சவுலுக்குப் பொறுப்பைக் கொடுத்துவிட்டு ஜனங்களிடம் பேசும்போது ஒரு காரியத்தைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறார்: உங்களுக்காக ஜெபிப்பதை நான் நிறுத்தினால் அது கர்த்தருக்கு விரோதமான பாவம் என்று. தலைமைப் பொறுப்பிலிருந்து அவருக்கு ஓய்வு கிடைத்தது. ஜெபத்திலிருந்து அவர் ஓய்வு எடுக்கவில்லை.

"வேற எதுவும் செய்ய முடியல, அதனால ஜெபிக்கிறேன்" என்று நாம் சொல்வது வழக்கம். சாமுவேல் அப்படி நினைக்கவில்லை. அவருக்கு அது மிச்சமாய்க் கிடந்த வேலை அல்ல, விடக்கூடாத வேலை.

சரி, இந்த வேலையை எப்படிச் செய்வது? நான் ஆசிரியை. எனக்குத் தெரிந்த வழி வருகைப் பதிவேடு. வகுப்பில் நுழைந்ததும் பெயர் கூப்பிடுவேனே, ஞாபகமிருக்கிறதா? "எல்லாரும் வந்தாச்சா?" என்று மொத்தமாகக் கேட்டால் எல்லாரும் "வந்தாச்சு" என்பீர்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் யார் வரவில்லை, யார் முகம் வாடியிருக்கிறது என்று தெரியும். "ஆண்டவரே, என் குடும்பத்தை ஆசீர்வதியும்" என்று ஒரே வரியில் முடித்துவிடும் ஜெபமும் அப்படித்தான். பழைய ஏற்பாட்டில் பிரதான ஆசாரியனுடைய மார்ப்பதக்கத்தில் 12 கற்கள், அவற்றில் 12 கோத்திரங்களின் பெயர்கள் வெட்டப்பட்டிருக்கும். அவர் பரிசுத்த ஸ்தலத்துக்குள் போகும்போது ஒவ்வொரு பெயரையும் நெஞ்சில் சுமந்துகொண்டு போனார்.

அதனால் ஒரு கோடு போட்ட நோட்டு வாங்கி, நாள்வாரியாகப் பெயர் எழுதினேன். திங்கள் என் கூடப்பிறந்தவர்கள். செவ்வாய் என் பிள்ளைகள், மருமக்கள். புதன் பேரப்பிள்ளைகள். வியாழன் என் கணவர் வீட்டு உறவுகள். வெள்ளி நோயாளிகள். சனி நீங்கள், என் மாணவர்கள். ஞாயிறு சபை. பெயருக்குப் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டிருப்பேன், என்ன தேவை என்று குறிக்க. "வீட்டுக்கடன்", "கண் ஆபரேஷன்", "பத்தாம் வகுப்பு", "குழந்தைக்காகக் காத்திருக்கிறாள்". சில பெயர்களுக்கு எதிரே ஒன்றும் எழுதியிருக்காது. அவர்கள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பெயர் மட்டும் போதும்.

நேரம்? வயதானவர்களுக்கு விடியற்காலை மூன்று மணிக்கே தூக்கம் போய்விடும். அதைப் பற்றிப் புலம்பாதவர்கள் இல்லை. எனக்கு அதுவே ஜெப நேரம். முழங்கால் தேய்ந்துவிட்டதால் முழங்காலில் நிற்க முடியாது. ஒரு பிளாஸ்டிக் நாற்காலிதான் என் ஜெபமேடை. இதில் குறையொன்றும் இல்லை. ரெவிதீமில் அமலேக்கியரோடு யுத்தம் நடந்தபோது மோசே மலைமேல் நின்று கையை உயர்த்தினார். அப்போது அவருக்கு 80 வயது தாண்டியிருந்தது. கை சோர்ந்துபோனது. ஒரு கல்லை எடுத்துப் போட்டார்கள், அவர் உட்கார்ந்துகொண்டார். ஆரோனும் ஊர் என்பவரும் ஆளுக்கொரு பக்கம் கையைத் தாங்கிக்கொண்டார்கள். கீழே வாளெடுத்துப் போராடியவன் இளைஞனான யோசுவா. நம் பிள்ளைகள்தான் பள்ளத்தாக்கில் போராடுகிறார்கள். நமக்குக் கொடுக்கப்பட்ட இடம் மலை. உட்கார்ந்தாவது கையை உயர்த்தலாம்.

நம் திருநெல்வேலிச் சீமையிலேயே இதற்கு ஒரு சாட்சி உண்டு. டோனாவூரில் ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-இல் விழுந்து அடிபட்டார். அதன்பின் 1951-இல் மரிக்கும்வரை, ஏறக்குறைய 20 வருடம், பெரும்பாலும் ஓர் அறைக்குள்ளேயே இருந்தார். அந்த அறையிலிருந்தே பிள்ளைகளுக்காக ஜெபித்தார், கடிதமும் புத்தகங்களும் எழுதினார். ஓடியாடி உழைத்த வருடங்கள் மட்டுமே ஊழியம் என்று அவரைப் பார்த்தவர் யாரும் சொல்ல முடியாது.

இனி கொஞ்சம் கடினமான பகுதி.

நம் குடும்பத்தில் இரண்டு பேர் 9 வருடமாக ஒருவரோடொருவர் பேசுவதில்லை. யார் என்று உறவினருக்குத் தெரியும், மற்றவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. அந்த இரண்டு பெயரையும் என் நோட்டில் ஒரே வரியில் எழுதியிருக்கிறேன். ஒரே மூச்சில் இரண்டு பெயரையும் சொல்லி ஜெபித்துப் பாருங்கள். யார் பக்கம் நியாயம் என்று கர்த்தரிடம் வழக்காட வாய் வராது. இரண்டு பேரும் ஒரே தாயின் மடியில் கிடந்தவர்கள் என்பதுதான் ஞாபகம் வரும். அவர்கள் இன்னும் பேசவில்லை. ஆனால் போன வருடம் ஒருவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது மற்றவர் என்னிடம் ரகசியமாக, "சாப்பிடுறானா?" என்று கேட்டார். அதை அன்று நோட்டில் தேதியோடு எழுதி வைத்தேன்.

இன்னொருவன், என்னை அத்தை என்று கூப்பிடுகிறவன். குடியிலிருந்து முழுவதும் மீளவில்லை. "எழுதுங்க அத்தை, யாராவது ஒருத்தனுக்கு உபயோகமா இருக்கட்டும்" என்று அவன் சொன்னதால்தான் இதை எழுதுகிறேன். 11 வருடமாக அவன் பெயர் என் நோட்டில் இருக்கிறது. இரண்டு முறை சிகிச்சைக்குப் போனான், இரண்டு முறையும் மறுபடி விழுந்தான். ஜெபம் கேட்கப்படவில்லையா என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. நான் பார்ப்பது இதுதான்: விழும்போதெல்லாம் அவன் எனக்குப் போன் செய்கிறான். எல்லாக் கதவும் அடைத்த பிறகும் ஒரு கதவு திறந்திருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். இப்போது மூன்றாம் முறையாகச் சிகிச்சைக்குப் போகச் சம்மதித்திருக்கிறான். மருத்துவரையும் ஜெபத்தையும் நான் எதிரெதிராக வைப்பதில்லை. இரண்டும் அவனுக்குத் தேவை.

அகுஸ்தீனின் தாய் மோனிக்கா மகனுக்காக வருடக்கணக்கில் அழுது ஜெபித்தார். 387-இல் மிலான் நகரில் அவர் ஞானஸ்நானம் பெற்றதைக் கண்ணால் கண்டார், அதே வருடம் மரித்தார். எல்லாத் தாய்மாருக்கும் அந்தக் காட்சி கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் பெயரை நோட்டிலிருந்து அடிக்கக் கூடாது என்பதே என் தீர்மானம்.

என் வயதுக்காரர்களுக்கு இரண்டு வார்த்தை. ஜெபக்குறிப்பு என்ற பெயரில் அடுத்த வீட்டுக் காரியத்தைச் சபை முழுக்கப் பரப்பாதீர்கள். "அந்தப் பொண்ணுக்காக ரொம்ப ஜெபம் பண்ணுங்க, விஷயம் தெரியுமா?" என்று தொடங்கினால் அது ஜெபம் அல்ல, புறணி. அதேபோல "உனக்காகத்தான் ஜெபம் பண்ணிக்கிட்டிருக்கேன்" என்று மருமகளிடம் பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லாதீர்கள். ஜெபத்தைக் குச்சியாக்கி அடித்தால் பிள்ளைகள் நம்மைவிட்டும் போவார்கள், கர்த்தரைவிட்டும் போவார்கள். பிள்ளைகளிடம் பத்துத் தரம் சொல்ல நினைப்பதில் ஒன்பதைக் கர்த்தரிடம் சொல்லுங்கள். மீதி ஒன்றைச் சொல்லும்போது குரலில் தானாகவே கனிவு வந்துவிடும். பிறகு போனை எடுத்து, "சாப்பிட்டியா?" என்று கேளுங்கள்.

ஆலயத்தில் இரவும் பகலும் உபவாசித்து ஜெபித்த அன்னாளுக்கு ஏறக்குறைய 84 வயது. குழந்தை இயேசுவைக் கண்டு ஊருக்குச் சொன்னவர்களில் அந்த விதவையும் ஒருவர். 84 வயது வரை அவரை ஏன் வைத்திருந்தார் என்பதற்கு அதுவே பதில். எனக்கு இன்னும் 13 வருடம் இருக்கிறது!

என் மாணவர்களில் பலர் வேறு சமயத்தைச் சேர்ந்தவர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் பெயரும் சனிக்கிழமைப் பக்கத்தில் உண்டு. ஒரு டீச்சர் பிள்ளைகளை நினைத்துக்கொள்கிறாள் என்று எடுத்துக்கொள்ளுங்கள். யாருக்காவது பாரமான காரியம் இருந்தால் இங்கே எல்லார் முன்னும் எழுதாமல் எனக்குத் தனியாக அனுப்புங்கள். விவரம் வேண்டாம் என்றால் பெயர் மட்டும் போதும். நோட்டில் இன்னும் பக்கம் இருக்கிறது.

கர்த்தர் உங்கள் ஒவ்வொருவரையும், உங்கள் வீட்டாரையும் காப்பாராக.

என்றும் அன்புடன்,
உங்கள் பழைய தமிழ் டீச்சர்