கார்லுக்குக் காய் இல்லை

வெளிநாட்டிலிருந்து திரும்பிய நண்பர் ஒருவர், தன் பிள்ளைகள் ஆடி முடித்த பழைய பெட்டி ஒன்றை என் மகளுக்குக் கொடுத்தார். ஜுமான்ஜி. 1995இல் வந்த அமெரிக்கப் படத்தை வைத்து அதே வருஷம் மில்டன் பிராட்லி கம்பெனி போட்ட விளையாட்டு. கட்டம் கட்டமாகப் போகணும். ஆபத்துச் சீட்டை எடுத்து நடுவிலிருக்கும் சிவப்புக் கண்ணாடிக்குக் கீழே வைத்தால்தான் எழுத்து தெரியும்.

நைனாவையும் கூப்பிட்டோம். "நாங்க ஆடாத தாயமா" என்று சொல்லிக்கொண்டே வந்து உட்கார்ந்தார். மகள் இங்கிலீஷைப் படித்துத் தமிழில் சொன்னாள். ஒருவருக்கு ஆபத்து வந்தால் மற்ற எல்லாரும் கட்டை உருட்டணும். மணல் கடிகாரத்தில் மணல் இறங்குவதற்குள் சீட்டில் உள்ள குறி விழணும். விழாவிட்டால் அந்தச் சீட்டு அழிவுக் கட்டத்தில் போய்ச் சேரும். அழிவுக் கட்டங்கள் நிரம்பிவிட்டால் யாருக்கும் ஜெயிப்பு கிடையாது. ஆடினவர் அத்தனை பேரும் தோற்றவர்கள்.

"அட, நல்லாகீதே" என்றார் நைனா. "எவனுக்கோ வந்தா நமக்கின்னான்னு ஒக்கார முடியாது."

எனக்குப் பரமபதம் ஞாபகம் வந்தது. வைகுண்ட ஏகாதசி ராத்திரி ஊர்த்தெருவில் ஆடுவார்கள். சேரியில் நாங்களும் காகிதத்தில் வாங்கி ஆடியிருக்கிறோம். அதில் பாம்பு கடித்தால் அது உன் பாவம். ஏணி ஏறினால் உன் புண்ணியம். பக்கத்தில் இருப்பவன் கைகொடுக்க வழியே இல்லை, சிரிக்கத்தான் முடியும். நாங்கள் பிறந்த பிறப்புக்கும் இதே கணக்கைத்தானே சொன்னார்கள்?

மகள் விடவில்லை, படத்தையும் பார்க்கணும் என்றாள். ஞாயிற்றுக்கிழமை போட்டோம். நான் கதையைச் சொல்லிக்கொண்டே வந்தேன்.

1969. ஷூ கம்பெனி முதலாளியின் மகன் ஆலன். கம்பெனியில் கார்ல் என்று ஒரு கறுப்பினத் தொழிலாளி. சொந்த மூளையால் புதுமாதிரி ஷூ ஒன்று செய்து வைத்திருக்கிறான். பையன் அதைத் தெரியாமல் ஓடும் பெல்டில் வைத்துவிடுகிறான். மெஷின் நாசம். முதலாளி கத்துகிறார். கார்ல் பையனைப் பார்க்கிறான். பழியைத் தன்மேல் போட்டுக்கொள்கிறான். வேலை போகிறது.

அதற்கப்புறம்தான் விளையாட்டு, காடு, சிங்கம், குரங்கு எல்லாம். ஆலனை விளையாட்டு உள்ளே இழுத்துக்கொள்கிறது. 26 வருஷம் கழித்துத்தான் வெளியே வருகிறான். காண்டாமிருகக் கூட்டம் வீட்டை இடித்துக்கொண்டு வரும்போது மகள் கத்தினாள். நைனா அசையவில்லை. துப்பாக்கியோடு ஆலனைத் துரத்தும் வேட்டைக்காரன் வந்தபோது மட்டும் நிமிர்ந்தார். "மொதலாளி மூஞ்சியும் இவன் மூஞ்சியும் ஒண்ணாகீதே?" சரிதான். இரண்டு வேஷத்தையும் போட்டவர் ஜோனதன் ஹைட் என்ற ஒரே நடிகர்.

நடுநடுவே நைனா ஒன்றையே கேட்டுக்கொண்டிருந்தார்: "அந்தப் பையன் சொன்னானா?"

எனக்குப் புரிந்தது. நைனா தோல்ஷாப்பில் டிரம் ஓட்டினவர். அப்போது எனக்கு ஒன்பது வயசு. ராத்திரி டிரம்மை நிறுத்த வேண்டியவன் மேஸ்திரியின் மச்சான். அவன் சினிமாவுக்குப் போய்விட்டான். காலையில் பார்த்தால் தோலெல்லாம் வீண். பழி நைனா தலையில் விழுந்தது. அந்த மாசக் கூலியையும் கொடுக்காமல் அனுப்பினார்கள். அப்புறம் அவர் கல் உடைத்தார், மூட்டை தூக்கினார். நான் படிப்பை நிறுத்தாமல் இருக்க அம்மா செங்கல் சூளைக்குப் போனாள்.

படத்தின் கடைசியில் ஆட்டம் முடிந்து ஆலன் மறுபடி 1969க்கே வருகிறான். அப்பனிடம் சொல்லிவிடுகிறான், ஷூவை பெல்டில் வைத்தது நான்தான் என்று. நைனா எழுந்து வெளியே போய் பீடி பற்றவைத்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன்.

"அந்தப் பையன் அத்தினி வருசம் காட்ல கெடந்துட்டு வந்து சொன்னான். நம்ம ஆளு தெனம் இதே ரோட்லதான் போறான், வரான்."

கொஞ்ச நேரம் கழித்து நான் கேட்டேன், "நைனா, அன்னிக்கி ஷாப்புல வேற யாருக்குமே தெரியாதா?"

"எல்லாருக்கும் தெரியும். ஒன் சித்தப்பனும் நின்னுட்டுதான் இருந்தான். அவன் இன்னா பண்ணுவான்? அட்வான்ஸ் வாங்கியிருந்தான்."

சித்தப்பா இத்தனை வருஷமாக எங்கள் வீட்டில் சாப்பிட்டிருக்கிறார். என்னைத் தோளில் தூக்கித் திருவிழா காட்டியவர். நைனா ஒருநாள்கூட இதைச் சொன்னதில்லை. சித்தப்பாவும்தான்.

கிறிஸ் வான் ஆல்ஸ்பர்க் 1981இல் எழுதிய மூலப் படக்கதையில் கார்ல் இல்லை, ஷூ கம்பெனியும் இல்லை. படத்தில்தான் சேர்த்தார்கள். அட்டையாக வந்தபோது மறுபடி காணோம். சிங்கத்துக்கு இடம் இருக்கிறது, கார்லுக்கு ஒரு காய் இல்லை. மகள் பெட்டியைக் கவிழ்த்துத் தேடிப் பார்த்தாள்.

அன்று அந்த ஷாப்பில் நின்றவர்கள் பாதிப்பேர் எங்கள் தெரு. பழி சொன்னவன் மேல் எனக்கு இருக்கும் கோபம் பழசு, அது தீராது. வாய் திறக்காமல் நின்ற எங்கள் ஆட்களை என்ன செய்வது? முதலாளியிடம் வாங்கிய முன்பணம் அவர்கள் கையைக் கட்டியிருந்தது. ஒருவர் சொன்னால் அவர் வேலை போகும். நாற்பது பேரும் சேர்ந்து சொல்லியிருந்தால்? சொல்லவில்லை. அடுத்தடுத்த வருஷங்களில் அவர்களையும் ஒவ்வொருவராக அனுப்பினார்கள். சித்தப்பாவையும்.

இப்போதும் சாயங்காலத்தில் ஆடுகிறோம். நைனாவுக்கு ஆபத்துச் சீட்டு வந்தால் மகள் மணலைப் பார்த்துக்கொண்டே கட்டையை உருட்டுகிறாள். "உருட்டுங்கப்பா, சீக்கிரம்" என்று என்னை அதட்டுகிறாள்.